அமெரிக்கன் ஸ்டடீஸ் படிப்பில் நான் நிலத்தைத் தேர்ந்தெடுத்தது

மினசோட்டாவில் ஒரு கல்லூரியில் அமெரிக்கன் ஸ்டடீஸ், அதாவது அமெரிக்காவைப் பல துறைகள் வழியாகப் பார்க்கும் படிப்பு, படிக்கிறேன், இப்போது கடைசி வருடம். வரலாறு, இலக்கியம், சமூகவியல், சட்டம், கலை வரலாறு என்று எந்தத் துறை வகுப்பையும் இந்த மேஜருக்குள் எடுக்கலாம். அப்படி விட்டால் நாலு வருடம் கழித்து ஒன்றுக்கொன்று ஒட்டாத வகுப்புகள்தான் கையில் மிஞ்சும் என்பதால், இரண்டாம் வருட முடிவில் ‘தீமாட்டிக் ஃபோகஸ்’ என்ற ஒரு மையப் பொருளைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் கல்லூரியில் அதற்குள் ஐந்து வகுப்புகள், குறைந்தது மூன்று துறைகளிலிருந்து, அதில் இரண்டு அட்வான்ஸ்ட் நிலை வகுப்புகள். கடைசி வருட ஆய்வேடும் அதே பொருளில்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் கணக்கு வேறுபடும், ஆனால் எல்லாரும் திணறும் இடம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் நாலு மாதம் போனது.

முதலில் எழுதிக் கொடுத்தது ‘குடியேற்றம்’. நான் வெளிநாட்டு மாணவி, அதனால் அதைத்தான் எடுப்பேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள், நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். எழுத விஷயத்துக்கும் குறைவில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர்களைத் தடுத்த சட்டம், 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் ‘வெள்ளையர்’ இல்லை, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்ற பிறப்பிட ஒதுக்கீட்டை நீக்கிய 1965 சட்டம். இரண்டு பக்கம் தடதடவென்று எழுதிவிட்டேன். என் அட்வைசர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: “இதில் எந்த ஆவணத்தை விடுமுறை நாளில்கூட உட்கார்ந்து படிப்பீர்கள்?” எனக்குப் பதில் வரவில்லை. எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள், ஆனால் மேற்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டும் என்று அரித்துக்கொண்டிருந்த விஷயம் அதில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து ‘இனமும் அடையாளமும்’. இது இன்னும் மோசம். வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் எதைப் போட்டாலும் பொருந்தியது, எதையும் வெளியே தள்ள முடியவில்லை. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது “இதில் என்ன சேரும்” என்று பார்ப்பதைவிட “இதில் என்ன சேராது” என்று பார்ப்பதுதான் உதவுகிறது. நல்ல வகுப்பாக இருந்தும் நம் பொருளுக்குள் வராது என்று இரண்டு மூன்றையாவது சொல்ல முடியவில்லையென்றால் அது இன்னும் பொருளாக ஆகவில்லை.

அப்புறம்தான் பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். இரண்டு வருடத்தில் ஒன்பது கட்டுரை. இதை எல்லாருக்கும் சொல்வேன்: தலைப்பைப் பார்க்காதீர்கள், எந்தப் பத்தி நீளமாகப் போயிருக்கிறது என்று பாருங்கள். நாடக வகுப்பில் கறுப்பின நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி பற்றி எழுதியதில், 1959-இல் பிராட்வேயில் அரங்கேறிய அவருடைய நாடகத்தைவிட அவர் அப்பா சிகாகோவில் வாங்கிய வீட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தேன். கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, அது 1940-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வீடு. மினசோட்டாவின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் 1862-இல் நடந்த போரைப் பற்றிய கட்டுரையில், அதே ஆண்டு வந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் தருவதாகச் சொன்னதை ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். செயின்ட் பால் நகரில் ஐ-94 நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட ரோண்டோ என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பைப் பற்றி வேறு ஒரு கட்டுரை. எல்லாவற்றிலும் நிலம் இருந்தது, யாரும் கேட்காமலே எழுதியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ‘மேப்பிங் பிரெஜுடிஸ்’ திட்டத்துக்குத் தன்னார்வலராகப் பத்திரங்கள் படிக்க ஆரம்பித்தேன். கணினியில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் பக்கம் வரும், இனத் தடை விதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வரி மாறாமல் தட்டச்சு செய்ய வேண்டும். 1910-இல் மினியாபோலிஸில் பதிவான ஒரு பத்திரத்தில், இந்த மனையைச் சீன, ஜப்பானிய, மூர், துருக்கிய, நீக்ரோ, மங்கோலிய அல்லது ஆப்பிரிக்க ரத்தமோ வம்சாவளியோ கொண்ட எவருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று இருக்கிறது. வரி பாக்கி, வேலி, வீட்டின் குறைந்தபட்ச மதிப்பு என்று போகும் பத்திரங்களின் நடுவில் இதுவும் அதே எழுத்தில், அதே நிதானத்தில் வரும். வேறு சில பத்திரங்களில் வீட்டு வேலைக்காரர்களாகத் தங்குபவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட மறந்து படித்துக்கொண்டிருந்தபோது அட்வைசரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது தெரிந்தது.

ஒரு பத்திரத்தின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கோயம்புத்தூர் பக்கம் முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர். இனத் தடை வாசகத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “சொத்து விவரத்துல நாலெல்லையே இல்லியே கண்ணு, எந்த எடம்னு எப்படிக் கண்டுபுடிப்பாங்க?” நம் பத்திரங்களில் இன்னாருடைய காட்டுக்குக் கிழக்கே, வாய்க்காலுக்குத் தெற்கே என்று இருக்கும். இங்கே லாட் (மனை) எண், பிளாக் (மனைத் தொகுதி) எண், மனைப்பிரிவின் பெயர், அவ்வளவுதான், மற்றதெல்லாம் பதிவு செய்த மனைப்பட வரைபடத்தில். அதற்கும் கீழே 1785 சட்டம் வகுத்த சதுரக் கட்டம்: ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 துண்டுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஹோம்ஸ்டெட்டின் 160 ஏக்கர் என்பது அதில் கால் துண்டு. எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்டார். 66 அடிச் சங்கிலி, 100 லிங்க் என்றேன். “அட, நம்ம சங்கிலிதான் அது” என்றார். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊரை அளந்த அதே கண்டர் சங்கிலி.

அந்தப் போன் பேச்சுக்குப் பிறகு புதிய விண்ணப்பத்தை ஒரே இரவில் எழுதினேன், ஒரு பக்கம்தான் வந்தது. பொருள்: ‘நிலம், அளவை, உடைமை’. கேள்வி: 1851 ஒப்பந்தங்களில் டகோட்டா மக்களிடமிருந்து போன நிலம், கட்டம் கட்டமாக அளக்கப்பட்டு, மனையாகி, யார் வாங்கலாம் என்ற விதியோடு கைமாறியது எப்படி? இடம்: மினியாபோலிஸ், அதில் ஒரே ஒரு பிளாக். குடியேற்றம் இதில் விட்டுப்போகவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. கலிஃபோர்னியாவின் 1913 நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவர் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது, திந்த் தீர்ப்பு வந்ததும் அங்கிருந்த இந்திய விவசாயிகளும் அதில் சிக்கினார்கள். முதல் விண்ணப்பத்தில் பட்டியலாகக் கிடந்த அதே வழக்கு இங்கே வேலை செய்தது.

வகுப்புகள் அமைந்தது தனிக் கஷ்டம். பூர்வகுடிகள் ஒப்பந்த வரலாறு, நகரச் சமூகவியல், நிலக்காட்சி ஓவியங்கள் பற்றிய கலை வரலாறு வகுப்பு, இதெல்லாம் சரி. நான் நம்பியிருந்த சொத்துச் சட்ட வரலாறு வகுப்பு, பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போனதால் அந்த வருடம் இல்லை என்று பதிவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் தெரிந்தது. அதற்குப் பதிலாகப் புவியியல் துறையில் ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) எடுத்தேன், இன்றைக்கு ஆய்வேட்டுக்கு அதுதான் அதிகம் உதவுகிறது. விண்ணப்பம் எழுதும் முன் துறை அலுவலகத்தில் ஒவ்வொரு வகுப்பும் எந்த செமஸ்டரில் வரும் என்று கேட்டுவிடுங்கள், கையேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் வகுப்பு நடக்கும் என்று அர்த்தமில்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜி.ஐ.எஸ். எடுத்ததால், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்குத் தரும் 24 மாத ஸ்டெம் வேலை அனுமதி நீட்டிப்பு கிடைக்குமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். கிடைக்காது. பட்டத்தின் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள், உள்ளே எடுத்த வகுப்புகளை அல்ல, அமெரிக்கன் ஸ்டடீஸ் அந்த ஸ்டெம் பட்டியலில் இல்லை. படிப்பு முடிந்து 12 மாத ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) மட்டும்தான் என்று தெரிந்தே முடிவெடுங்கள். நான் வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், சுலபமான பேச்சாக இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த ஒரு பிளாக்கின் மனைப்பட வரைபடத்தை வைத்து வேலை நடக்கிறது. அப்பாவுக்கும் ஒரு நகல் அனுப்பினேன், பிரின்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறார். ஏழாம் எண் மனையின் பின்பக்க அளவு கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகவில்லை என்று நேற்று இரவு கூப்பிட்டார். திங்கட்கிழமை கவுண்டி அலுவலகத்தில் மூலப்பிரதியைப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.