கேரவனில் ஏலகிரி: மூன்று நாள் சாப்பாடும் பாதி டேங்க் தண்ணியும்

மீன் வாடை அடிக்கிறதாம். வண்டியைத் திருப்பி ஒப்படைக்கப் போன இடத்தில் ஓனர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, சுத்தம் பண்ணத் தனியாக ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார். மூன்று நாளில் ஒரு துண்டு மீன்கூட வண்டிக்குள் பொரிக்கவில்லை, அடுப்பை வெளியே இறக்கி வைத்துத்தான் பொரித்தோம், டிரைவர் தம்பியே பக்கத்தில் நின்று அதைச் சொன்னார். காதில் வாங்கவில்லை. "காசிமேட்டுப் பக்கம்னாலே இப்படித்தான்" என்று, மீன்பிடித் துறைமுகம் இருக்கிற எங்கள் பக்கத்தை இழுத்து ஒரு பேச்சு வேறு. முன்பணம் அவர் கையில் இருந்ததால் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார். பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்தோம், இன்று காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கேரவனில் குடும்பத்தோடு போய் மூன்று நாள் நாமே சமைத்துச் சாப்பிடுவது எப்படி என்று போவதற்கு முன்னால் நான் நிறையத் தேடினேன். கிடைத்ததெல்லாம் ரொட்டிக்கு நடுவில் எதையாவது வைத்துச் சாப்பிடும் ஊர்க்காரர்கள் சொல்வது. நமக்குச் சோறு வேண்டும், குழம்பு வேண்டும், ராத்திரி பத்து மணிக்குப் பசங்களுக்குத் தயிர் சாதம் வேண்டும். அதனால் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், தண்டையார்பேட்டையிலிருந்து இன்னொரு குடும்பம் கிளம்பினால் உதவும்.

போனது நானும் அவரும், இரண்டு பசங்கள், எங்கள் அத்தை, அப்புறம் டிரைவர் தம்பி. காலாண்டு லீவு. வண்டி வாடகை ஒரு நாளைக்கு 8,500 ரூபாய், டீசல் அதிலேயே அடக்கம், டிரைவர் பேட்டா 800 தனி. உள்ளே நாலு படுக்கை, ஒற்றை பர்னர் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவும் அளவுக்கு ஒரு சிங்க், 100 லிட்டர் தண்ணி டேங்க். அந்த டேங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை நம்பவே நம்பாதீர்கள். வண்டி ஓடும்போது அல்லது பிளக் பாயின்ட் கிடைக்கும்போதுதான் அது வேலை செய்கிறது, நடுவில் டீக்கு அரை மணி நேரம் நிறுத்தினாலே உள்ளே வெதுவெதுப்பாகி விடுகிறது. எங்களைக் காப்பாற்றியது காசிமேட்டு ஐஸ்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் மீன் வாங்கப் போனபோதே ஒரு ஐஸ் பாரில் கால்வாசியை உடைத்து வாங்கி, கோணிச் சாக்கில் சுற்றி, தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தோம். தூள் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும், கட்டியாக இருந்தால் நின்று கரையும், இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வஞ்சிரம் ஒன்றரைக் கிலோ, துண்டு போட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு தடவி வீட்டு ஃபிரீசரில் ஒரு ராத்திரி முழுக்கக் கல்லாக்கி, மூடி இறுக்கமான டப்பாவில் ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தேன். மறுநாள் மத்தியானம் எடுத்தபோதும் நடுத்துண்டு இறுகித்தான் இருந்தது.

இறாலைத் தொக்காக்கி விட்டேன். இரண்டு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போக ஒரு கிலோதான் தேறும், அதைப் பார்த்து விலை பேசுங்கள். அத்தைதான் கிண்டினார். சின்ன வெங்காயம், தக்காளி, இறால் விடுகிற தண்ணி எல்லாம் சுண்டி, நல்லெண்ணெய் மேலே மிதந்து கரண்டியைச் சட்டியில் இழுத்தால் அடி தெரிகிற வரைக்கும் அடுப்பை விட்டு நகரவில்லை, ஒன்றேகால் மணி நேரம். "ஈரம் இருந்தா நாளைக்கே ஊசிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஐஸ் பெட்டிக்குள்தான் வைத்தோம், வெளியே வைக்கவில்லை.

காலை நாலு மணிக்குக் கிளம்பியதால் முதல் சாப்பாடு பொடி இட்லி. சூடாக இருக்கும்போதே பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டியது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நிறுத்திச் சாப்பிட்டோம், இலையை ஓரத்தில் நின்ற மாட்டுக்குப் போட்டோம், கழுவ ஒரு டம்ளர்கூட இல்லை.

மத்தியானத்துக்குப் புளியோதரை கையில் இருந்தது. ஆனால் ஆம்பூரைத் தாண்டும்போது யாரால் புளியோதரை சாப்பிட முடியும்? சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊற வைத்து அரைத்துப் போடுகிற அந்த நிறம், நெய் வழியாத சோறு, கூடவே கத்தரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. இலை போட்டு ஆறு பேருக்கு 1,380 ரூபாய் ஆனது, அவர் பில்லைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அந்தக் கத்தரிக்காயை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். சென்னையில் ஆம்பூர் பிரியாணி என்று போர்டு மாட்டிக்கொண்டு விற்பதை இனி நான் வாங்கப் போவதில்லை. புளியோதரை சாயங்காலம் போனது, புளிக்காய்ச்சலில் நன்றாக ஊறி இன்னும் ருசியாகவே இருந்தது.

ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு பொன்னேரி இருக்கிறது, ஏலகிரி மலைப்பாதை அங்கேதான் பிரிகிறது. நம் கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும் பொன்னேரி மட்டும்தான் எனக்குத் தெரியும், போர்டைப் பார்த்ததும் ஒரு நிமிடம் ஊருக்கே திரும்பிவிட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பாரதியார், கபிலர், ஔவையார், பாரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பசங்கள் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக் கத்திக் கத்திப் படித்தார்கள். நாலாவது வளைவிலேயே மேல் அலமாரிக் கதவு திறந்து எவர்சில்வர் தட்டெல்லாம் தரையில் கொட்டியது. அத்தை தன் பழைய சேலையைக் கிழித்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் நடுவில் சொருகி, கதவுக் கைப்பிடி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். அப்புறம் இறங்குகிற வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. இதைக் கிளம்பும்போதே செய்துவிடுங்கள், சிலிண்டர் வால்வையும் வண்டி ஓடும்போது மூடியே வையுங்கள்.

மலை மேலே அத்தனாவூரில் ஒரு வீட்டுக்காரர் தன் காலியிடத்தில் வண்டி நிறுத்த விட்டார், ராத்திரிக்கு 1,200, பிளக் பாயின்ட்டும் கழிவறையும் சேர்த்து. 1,500 கேட்டார், அத்தை பேசிக் குறைத்தார்.

முதல் ராத்திரிக்கு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். இதைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குப் போதாது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே நமக்குக் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு, அடுப்பே பற்ற வைக்காமல் ஒரே பேசினில் முடிந்துவிடும் என்று இத்தனை வருஷம் சாப்பிட்டும் யோசித்ததில்லை. நூடுல்ஸை வீட்டிலேயே வேகவைத்து எண்ணெய் பிசறி ஆற வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். முட்டைக்கோஸ் அங்கே போய்ப் பொடியாக நறுக்கினேன். பொரித்த வெங்காயம் ஒரு டப்பா, பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டில், கெட்டிப் புளிக்கரைசல், இடித்த மிளகாய், கொத்தமல்லி, தட்டை ஒரு பாக்கெட். எல்லாவற்றையும் போட்டு அவர் கையாலேயே பிசைந்தார், கடைக்காரர் மாதிரியே புளித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, தட்டையைக் கடைசியில் உள்ளங்கையில் நொறுக்கி. வெளியே குளிர், மேலே நட்சத்திரம், பெரியவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். கழுவ ஒரே ஒரு பேசின்.

மறுநாள் காலை ரவா உப்புமா. ரவையை வறுத்து, தாளிப்பையும் அதிலேயே போட்டுக் கலந்து டப்பாவில் கொண்டுபோனதால் கொதிக்கிற தண்ணியில் கொட்டிக் கிளறினால் சரி. மத்தியானம் சோறு, ரசம், வஞ்சிரம் வறுவல். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், மேலே போகப் போகத் தண்ணி 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், அங்கே 96 டிகிரி பக்கம். அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகிறது, சிலிண்டரும் காலியாகும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். தயிர் மட்டும் ஏமாற்றிவிட்டது, ராத்திரி உறை ஊற்றி வைத்த பால் குளிரில் காலை பத்து மணிக்கும் பாலாகவே இருந்தது. கடையில்தான் வாங்கினோம்.

மீன் வறுத்து, சாப்பிட்டு, எண்ணெய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கும்போது குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. நான் 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் உட்கார்ந்தவள், அந்தச் சத்தம் எனக்கு வயிற்றைப் பிசைகிற சத்தம். 100 லிட்டர் என்றால் எங்கள் கணக்கில் ஆறேழு குடம். முந்தின நாள் முழுக்க இலையிலும் பேசினிலுமாகச் சாப்பிட்டோம், பசங்கள் குளித்தது வீட்டுக்காரர் குளியலறையில், எப்படி ஆறு குடம் தீரும்? டிரைவர் தம்பியைக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, கிளம்பும்போதே பாதிதான் இருந்துச்சு, வெயிட் ஏறினா டீசல் குடிக்கும்னு ஓனர் அவ்ளோதான் ரொப்பச் சொன்னாரு" என்றார். நாங்கள் கொடுத்த வாடகையில் எங்கள் தண்ணியைப் பிடித்து டீசல் மிச்சம் பண்ணியிருக்கிறார். வீட்டுக்காரர் மோட்டார் போட்டு நிரப்பிக் கொடுக்க 300 ரூபாய் வாங்கினார், அது நியாயம்தான்.

இதனால்தான் சொல்கிறேன், கேரவனுக்குச் சாப்பாடு திட்டம் போடும்போது என்ன சமைக்கலாம் என்று தொடங்காதீர்கள், எத்தனை பாத்திரம் கழுவ வேண்டும் என்று தொடங்குங்கள். கேஸ் மூன்று நாளில் பாதிகூடத் தீரவில்லை. தண்ணிதான் தீர்ந்தது. கல்மண்டபம் மார்க்கெட்டில் வாங்கிய வாழை இலையை ஈரத்துணியில் சுருட்டிக்கொண்டு போனோம், மூன்றாம் நாள் வரை வாடவில்லை. காய் எல்லாம் வீட்டிலேயே கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணியை ஊற்றிவிடாதீர்கள், அத்தை அதிலேயே எண்ணெய்ச் சட்டியை முதல் கழுவு கழுவினார், முன்னாலேயே காகிதத்தால் துடைத்துவிட்டு. கிளம்பும் முன் டேங்க் மூடியைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

செலவு எல்லாம் சேர்த்து 37,000 பக்கம் வந்துவிட்டது, டோல், மளிகை, அந்த ஆயிரம் உட்பட. ரயிலில் ஜோலார்பேட்டை போய் அறை எடுத்திருந்தால் பாதிதான் ஆகியிருக்கும் என்று அவர் வழியெல்லாம் கணக்குப் போட்டார். உண்மைதான். ஆனால் கடைசி நாள் இறங்கும்போது ஒரு வளைவு ஓரம் அகலமான இடத்தில் நிறுத்தி, குக்கரில் மீதமிருந்த சுடுசோற்றில் இறால் தொக்கைப் போட்டு அத்தை உருட்டி உருட்டி எல்லார் கையிலும் வைத்தார், டிரைவர் தம்பி கையிலும். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. சின்னவள் "ஆயா, இன்னொரு உருண்டை" என்று பாட்டிலின் அடியைக் காட்டினாள், அதிலும் எண்ணெய்தான் இருந்தது. அத்தை அந்த எண்ணெயிலும் நாலு பருக்கை சோற்றைப் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார்.

அரையாண்டு லீவில் தரங்கம்பாடி போகலாம் என்று பேச்சு. வண்டி கண்டிப்பாக வேறு ஆளிடம்தான். மூடி போட்ட 20 லிட்டர் கேன் இரண்டு இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.