அம்மா கையில இருந்த அந்த அதிர்வு

டயாலிசிஸ் யூனிட்ல நர்சா வேலைக்கு சேந்து 16 வருஷம் ஆச்சு. பேஷண்ட் எடை பாத்துட்டு வந்து படுத்ததும் மெஷின் பக்கம் திரும்புறதுக்கு முன்னாடி நான் செய்யற முதல் வேலை அவங்க கையத் தொட்டுப் பாக்கறதுதான். ஃபிஸ்டுலா இருக்கற இடத்துல மூணு விரல லேசா வெச்சா உள்ள கிர்ர்னு ஒரு அதிர்வு ஓடும், நாங்க த்ரில்னு சொல்லுவோம். ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேட்டா தூரத்துல காத்து வீசுற மாதிரி ஒரு சத்தம். அது இருந்துச்சுன்னா அன்னிக்கு ஊசி போடலாம். இல்லன்னா உடனே டாக்டர கூப்பிடணும், ரத்தம் உள்ள கட்டிப் போயிருக்கும்.

ஃபிஸ்டுலான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ல வர்றதே அதுலதான் இருக்கு. டயாலிசிஸ்க்கு ஒரு நிமிஷத்துக்கு 300 மில்லி ரத்தமாவது வெளிய வந்து மெஷின்ல சுத்தமாகி திரும்ப உள்ள போகணும், அதுவும் 4 மணி நேரம், வாரத்துக்கு 3 தடவ. நம்ம கையில இருக்கற சாதாரண வெயின், அதாவது ரத்தத்த இதயத்துக்குத் திரும்பக் கொண்டு போற குழாய், அதத் தாங்காது, மெல்லிசு, ரெண்டு ஊசியிலயே சுருங்கிடும். அதனால சின்ன ஆபரேஷன் பண்ணி அந்த வெயின பக்கத்துல இருக்கற, இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு வர்ற ஆர்ட்டரியோட சேத்து தெச்சு விடுவாங்க. அதுவரைக்கும் அமைதியா ஓடிட்டு இருந்த வெயினுக்குள்ள திடீர்னு இதயத்துல இருந்து வர்ற வேகம் முழுசும் பாயும். அதுக்குப் பழக்கமே இல்லாத அழுத்தம். ஆனா அந்த அழுத்தத்துலதான் அது விரியுது, சுவர் தடிக்குது, ஒரு ஆறு வாரம் ரெண்டு மாசம் போனா தோலுக்கு மேலயே கயிறு மாதிரி தெரியும். அப்புறம் வருஷக்கணக்கா வாரத்துக்கு ஆறு ஊசிய அது தாங்கும்.

இத நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கேன், ஒரு நாளும் எனக்குன்னு நெனச்சதில்ல, அம்மாவுக்கு வர்ற வரைக்கும்.

அம்மாவுக்கு சுகர் ரொம்ப வருஷமா இருந்துச்சு. கிட்னி கெடக் கெட ரத்தத்துல கூடற கிரியாட்டினின்ங்கற கழிவு ஏற ஏற நான் ரிப்போர்ட்ட பாத்துட்டு மடிச்சு பைக்குள்ள வெச்சுடுவேன், அவங்க கேட்டா ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லுவேன். நர்சா எனக்குத் தெரியும் இது எங்க போய் நிக்கும்னு, மகளா ஏத்துக்க முடியல. உபவாசம் இருந்து ஜெபிச்சேன். ஒவ்வொரு பிளட் டெஸ்ட்டுக்கு முன்னாடியும் ஆண்டவரே இந்தத் தடவ குறைஞ்சிருக்கணும்னு கேப்பேன், ஒவ்வொரு தடவையும் கூடித்தான் இருந்துச்சு. கடைசில நான் வேலை பாக்குற யூனிட்லயே, நான் தினமும் விரிப்பு மாத்தற பெட்லயே, அம்மா வந்து படுத்தாங்க. அவங்களுக்கு அப்ப 64 வயசு.

மணிக்கட்டுல போட்ட முதல் ஃபிஸ்டுலா சரியா வரல. ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு அதிர்வு நல்லா இருந்துச்சு, பந்த அமுக்கற பயிற்சியெல்லாம் அம்மா விடாம செஞ்சாங்க, பன்னெண்டாவது நாள் காலையில தொட்டுப் பாக்குறேன், ஒண்ணுமே இல்ல. விரல மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தேன். அம்மா என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் டயாலிசிஸ்க்காக கழுத்துல கதீட்டர்னு ஒரு குழாய் போட்டாங்க, அதுல ஒரு தடவ இன்ஃபெக்ஷன் ஆகி டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் ஜுரம் வந்து கட்டிலே ஆடுற அளவுக்கு நடுங்குனாங்க. நான் மேல படுக்காத குறையா அவங்கள பிடிச்சுட்டு இருந்தேன்.

அந்த நேரத்துலதான் ஜெபம் பண்ண வந்த ஒருத்தர் அம்மாகிட்ட சொன்னாரு, மெஷின நம்புறீங்களா ஆண்டவர நம்புறீங்களா, விசுவாசம் இருந்தா ஒரு வாரம் விட்டுப் பாருங்கன்னு. அம்மா ரெண்டு முறை போகல. நான் நைட் டியூட்டியில இருந்தேன், எனக்குத் தெரியாது. மூணாவது நாள் ராத்திரி நுரையீரல்ல தண்ணி கட்டி படுக்க முடியாம உக்காந்துட்டே மூச்சு வாங்கிட்டு வந்தாங்க. உதடு நீலமா இருந்துச்சு. ஆக்சிஜன் வெச்சு அவசரமா மெஷின்ல போட்டு மூணு லிட்டருக்கு மேல தண்ணி எடுத்தப்புறம்தான் பேச்சே வந்துச்சு. அந்த மனுஷர் மேல எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. இப்பவும் சொல்றேன், நோயில கெடக்கறவங்ககிட்ட உன் விசுவாசம் பத்தலன்னு சொல்றது கொடுமை. வலியில இருக்கறவங்க தலையில குற்ற உணர்ச்சிய வேற தூக்கி வைக்கக் கூடாது. பவுல் அப்போஸ்தலருக்கே மாம்சத்துல ஒரு முள் இருந்துச்சு, அது நீங்கணும்னு மூணு தடவ வேண்டிக்கிட்டாரு, நீங்கல. அவருக்கு விசுவாசம் பத்தலன்னு யாரு சொல்லுவா? கெடச்ச பதில் "என் கிருபை உனக்குப் போதும்" மட்டும்தான்.

ஆனா உண்மையச் சொல்லணும்னா அந்தப் பதில் எனக்கு அன்னிக்கு போதவே இல்ல. அன்னிக்கு ராத்திரி அம்மா தூங்குனப்புறம் யூனிட் பின்னாடி தண்ணி சுத்தம் பண்ற ஆர்ஓ ரூமுக்குப் போய் நின்னு அழுதேன். ஒரு டயாலிசிஸ்க்கு கிட்டத்தட்ட 120 லிட்டர் சுத்தமான தண்ணி ஓடணும், அந்த மோட்டார் சத்தத்துல நம்ம அழறது யாருக்கும் கேக்காது. என்ன ஜெபம் பண்றதுன்னே தெரியல. மாற்கு 9ம் அதிகாரத்துல நோயாளி பையனோட அப்பா கத்துவாருல்ல, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு, அத மட்டும் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருந்தேன். அழகான ஜெபமெல்லாம் அன்னிக்கே என்ன விட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருந்தது இந்த ஒரு வரிதான், ஆனா அது என் சொந்த வரியா ஆயிடுச்சு.

எங்க யூனிட்டுக்கு ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் வருவாரு, ஒன்பது வருஷமா டயாலிசிஸ், தலையணை பக்கத்துல எப்பவும் பைபிள் இருக்கும். ஒருநாள் அவருக்கு ஊசி போடும்போது என் கண்ணப் பாத்துட்டு, சிஸ்டர் 88ம் சங்கீதம் வாசிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. மத்த பல சங்கீதத்துல அழுதுட்டே ஆரம்பிச்சாலும் கடைசில ஒரு ஸ்தோத்திரம் வந்துடும், இதுல கடைசி வரைக்கும் விடியவே விடியாது சிஸ்டர், ஆனா முதல் வரிய பாருங்க, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிடுறான், விடியலன்னாலும் அவரத்தான் கூப்பிடுறான்னு சொன்னாரு. வீட்டுக்குப் போய் வாசிச்சேன். ஆமா, அப்படித்தான் இருக்கு. இப்படி ஒரு சங்கீதத்தையும் ஆண்டவர் பைபிளுக்குள்ள வெச்சிருக்காரேன்னு நெனச்சப்ப, நான் ஆர்ஓ ரூம்ல நின்னு அழுததும் அவருக்கு முன்னாடிதான்னு தோணுச்சு.

எங்க சீனியர் டெக்னீஷியன் ஒருத்தர் டயாலிசிஸ் வந்த கதைய அடிக்கடி சொல்லுவாரு. 1943ல நெதர்லாந்து ஜெர்மன் பிடியில இருந்தப்ப கோல்ஃப்னு ஒரு இளம் டாக்டர், போர்க்காலத்துல கையில கெடச்சத வெச்சே தன்னோட முதல் மெஷின செஞ்சாரு, சாஸேஜ் சுத்தற செலோஃபேன் குழாய ஒரு மரப்பீப்பா மாதிரி டிரம்ல சுத்தி அதுல ரத்தத்த ஓட விட்டாரு. முதல் ரெண்டு வருஷம் அவரு வைத்தியம் பாத்தவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே இறந்துட்டாங்க. 1945லதான் கோமாவுல இருந்த 67 வயசு அம்மா ஒருத்தங்க கண் முழிச்சாங்க. நாங்க கையில போடுற இந்த ஃபிஸ்டுலா முறை வந்தது 1966ல. முன்னெல்லாம் இத ஒரு பொது அறிவு மாதிரி கேட்டுட்டுப் போயிடுவேன். அம்மா மெஷின்ல இருக்கும்போது கேட்டப்ப மனசு வேற எங்கயோ போச்சு. பிழைக்காம போனவங்க வீட்லயும் யாரோ ஒருத்தர் முழங்கால்ல நின்னு ஜெபிச்சிருப்பாங்கதான? அவங்களுக்குக் கெடைக்காத பதில் மேலதான் என் அம்மாவோட ஒவ்வொரு வாரமும் நிக்குது. இதுக்கு என்கிட்ட விளக்கம் இல்ல. ஆனா கெடைக்காத ஜெபம் வீணாப் போன ஜெபம்னு அதுக்கப்புறம் என்னால சொல்ல முடியல.

ரெண்டாவது ஃபிஸ்டுலா முழங்கைக்கு மேல போட்டாங்க. ரெண்டரை மாசம் ஆச்சு. அந்த ரெண்டரை மாசமும் காலையில எழுந்ததும் அம்மா கையத் தொட்டுப் பாக்கறதுதான் எனக்கு ஜெபம். முதல் ஊசிய நான்தான் போடணும்னு அம்மா பிடிவாதம் பிடிச்சாங்க. பல்லாயிரம் ஊசி போட்ட கை எனக்கு, அன்னிக்கு நடுங்குச்சு. அம்மா சொன்னாங்க, "வலிக்கும்னு தெரியும் கண்ணு, நீ போடு". ஊசி உள்ள போனதும் டியூப்ல ரத்தம் குபுக்குனு ஏறுச்சு, நல்ல வேகம். ரோமர் 5ல "உபத்திரவம் பொறுமையையும்"னு ஆரம்பிச்சு, கஷ்டம் பொறுமைய உண்டாக்கும்னு வர்ற வசனத்த சின்ன வயசுல இருந்து மனப்பாடமா சொல்லிட்டு இருக்கேன், அன்னிக்குத்தான் அது ஒரு கையில வளந்து நிக்கறத கண்ணால பாத்தேன். அதுலயும் ஒண்ணு கவனிச்சேன். வெயின் தன் முயற்சியில பலமாகல. ஆர்ட்டரியோட சேத்து வெச்சதாலதான் அந்த அழுத்தம் வந்துச்சு, அந்த அழுத்தத்தத் தாங்கற ரத்தமும் அங்க இருந்துதான் வந்துச்சு. நான் இத்தன நாளா ஆண்டவரே இந்த அழுத்தத்த எடுத்துடுங்கன்னு மட்டும்தான் கேட்டுட்டு இருந்தேன். உம்மோட சேத்து வெச்சுக்கோங்கன்னு கேக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

அம்மா அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாங்க. சுகம் ஆகல. தண்ணி அளந்துதான் குடிச்சாங்க, ராத்திரி கால் இழுத்துப் பிடிக்கும், வாரக் கடைசில வர்ற ரெண்டு நாள் இடைவெளி எப்பவுமே கஷ்டம். ஆனா மறுபடி ஒருத்தர் வந்து மெஷின நம்புறீங்களான்னு கேட்டப்ப அம்மா சொன்ன பதில் எனக்கு இன்னிக்கும் காதுல இருக்கு. "வனாந்தரத்துல இஸ்ரவேலர் ஆண்டவர் குடுத்த மன்னா அப்பத்த தினமும்தான பொறுக்குனாங்க, நாளைக்கு சேத்து வெச்சா புழுத்துப் போச்சுல்ல. எனக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ குடுக்கறாரு. வாங்கிக்கறேன்." போதும்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அங்கதான் புரிஞ்சுது. அடுத்த முறை வரைக்கும் போதும். அவ்வளவுதான் அவரு குடுத்தாரு, அது ஒரு தடவ கூட குறையல.

ஒரு விடிகாலையில, வீட்டுல, தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். பழக்கத்துல கை தானா அவங்க முழங்கைக்கு மேல போச்சு. மூணு விரல வெச்சேன். நின்னு போயிருந்துச்சு. ரொம்ப நேரம் விரல எடுக்கவே இல்ல. அழுதேன், ஆனா ஆர்ஓ ரூம்ல அழுத அழுகை இல்ல அது. அந்த நேரத்துலயும் கூப்பிடறதுக்கு எனக்கு ஒருத்தர் இருந்தாரு, அவரு பேர சொல்லித்தான் கூப்பிட்டேன்.

பத்து நாள் கழிச்சு டியூட்டிக்குப் போனேன். அம்மா பெட்ல வேற ஒரு பெரியவர் இருந்தாரு, ஃபிஸ்டுலா போட்டு நாலே நாள், கையில கட்டு, அந்தக் கைய தன்னோட கையே இல்லாத மாதிரி தள்ளி வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. இதுல பிரஷர் பாக்க விடாதீங்க ஐயா, வாட்ச் கட்டாதீங்க, இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்கன்னு வழக்கமா சொல்றதெல்லாம் சொன்னேன். இது எப்பம்மா சரியாகும்னு கேட்டாரு. ரெண்டு மாசம் ஆகும் ஐயா, தினமும் நீங்களே தொட்டுப் பாக்கணும்னு சொல்லி அவரோட இன்னொரு கை விரல எடுத்து கட்டுக்கு மேல மெதுவா வெச்சேன். ஒண்ணும் தெரியலையேம்மான்னாரு. கொஞ்சம் பொறுங்க ஐயான்னேன். கண்ண மூடிட்டு அப்படியே இருந்தாரு, அப்புறம் சட்டுனு என்ன நிமிந்து பாத்தாரு.

"ஆமா, ஓடுது."