'இட்' எங்கே உட்காரும்? பி2 ஃபர்ஸ்ட் இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

முடிவு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் ஆங்கிலத் தேர்வு, இரண்டாவது முறை, 168. முதல் முறை 156. நான்கே நான்கு புள்ளியில் பி2-வைக் கோட்டை விட்டு, ஒரு படி கீழே பி1 நிலை என்று எழுதிய சான்றிதழோடு வந்தவன் நான். அந்தத் தாளை இன்னும் உறையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

மற்ற நான்கு திறன்களில் ஐந்தாறு புள்ளிதான் ஏறியது. இலக்கணத்தையும் சொல்லறிவையும் சோதிக்கும் யூஸ் ஆவ் இங்கிலீஷ் மட்டும் 143-லிருந்து 178-க்குத் தாவியது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலும் வினைச்சொல்லுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள்தான் என் விஷயம்: அப், அவுட், டவுன், வித், டு, அப்புறம் 'ஆவ்', 'ஆஃப்'. ஒற்றை எஃப் உள்ளதை 'ஆவ்' என்றும் இரட்டை எஃப் உள்ளதை 'ஆஃப்' என்றும் எழுதுகிறேன், உச்சரிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். 'ரன் அவுட் ஆவ்' என்ற இடத்தில் ஒரு எஃப் கூடுதலாகப் போட்டு மதிப்பெண்ணை இழந்த பிறகு வந்த ஞானம் இது.

முதல் முறை என்னிடம் ஒரு தடி நோட்டு இருந்தது. ஏ முதல் இசட் வரை ஃப்ரேசல் வெர்ப் (வினையும் குட்டிச் சொல்லும் சேர்ந்த ஜோடி), எதிரே தமிழ் அர்த்தம். 'டர்ன் டவுன்' என்றால் மறு, 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள், இப்படி 600. பயிற்சி வகுப்பில் அதைத்தான் சொன்னார்கள்: மனப்பாடம் பண்ணு, வேறு வழியே இல்லை. பண்ணினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் தேர்வில் யாரும் அர்த்தம் கேட்பதில்லையே! நான்காம் பகுதியில் ஒரு சொல்லைக் கொடுத்து, அதை வைத்து வாக்கியத்தைத் திருப்பி எழுதச் சொன்னபோது, 'டர்ன்ட் டவுன் இட்' என்று எழுதிவிட்டு வந்தேன். அர்த்தம் சரி, சொற்களும் சரி, விடை தப்பு. 'டர்ன்ட் இட் டவுன்' என்றுதான் வர வேண்டும்.

சரி, அப்படியானால் 'இட்' எப்போதும் நடுவில்தானா? 'லுக் இட் ஆஃப்டர்' என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் தப்பு.

இங்கேதான் எனக்கு விளங்கியது. பட்டியலில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் அந்தக் குட்டிச் சொல் இரண்டு சாதி. ஒன்று அட்வெர்ப். அது வினையின் ஆள், அதற்குப் பெயர்ச்சொல் தேவையில்லை. இன்னொன்று பிரிப்பொசிஷன். அது தனக்கென்று ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டே நிற்கும், தன் முன்னால் யாரையும் நுழைய விடாது. அட்வெர்ப் என்றால் 'இட்' நடுவில். பிரிப்பொசிஷன் என்றால் 'இட்' அதற்குப் பிறகு.

ஒரே ஜோடியே இரண்டாகவும் நடக்கும். 'ரன் அப் எ ஹில்' என்றால் குன்றில் ஓடி ஏறுவது, 'ரன் அப் எ பில்' என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. பெயர்ச்சொல் போட்டால் இரண்டும் அச்சு அசல் ஒன்று. 'இட்' போடுங்கள், குட்டு வெளிப்படும்: குன்றுக்கு 'ரன் அப் இட்', பாக்கிக்கு 'ரன் இட் அப்'. அட்வெர்ப்பில் 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டுமே சரி என்பதால்தான் நமக்கு இது உறைப்பதே இல்லை. 'இட்', 'தெம்', 'ஹிம்' வந்தால் மட்டும் நடுவிடம் கட்டாயம்.

பழைய நோட்டை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். அதில் எந்தச் சொற்றொடரும் 'இட்' இல்லாமல் நுழையக் கூடாது. 'லுக் இட் அப்', 'லுக் இன்டு இட்', 'புட் இட் ஆஃப்', 'கெட் ஓவர் இட்', 'கம் அக்ராஸ் இட்', 'டேக் இட் ஓவர்'. 'பிரேக் டவுன்' மாதிரி வண்டி தானாக நின்றுபோகிற வகைக்கு 'இட்' வேண்டாம், ஒரு கோடு போட்டேன். 600 இல்லை, 180-தான் எழுதினேன். போதுமானதாக இருந்தது. ('கெட் இட் ஓவர் வித்' என்று ஒன்று இருக்கிறது, சீக்கிரம் முடித்துத் தொலை என்ற அர்த்தத்தில். கடைசியில் 'வித்' அந்தரத்தில் தொங்கும். அதை அப்படியே விழுங்கிவிடுங்கள், விசாரிக்காதீர்கள்.)

நான் வாய்விட்டுப் படிக்கிற ஆள், எழுதிப் படித்தால் மறந்துவிடும். சத்தமாகச் சொல்லும்போது இன்னொன்றும் தெரிந்தது: 'லுக் இட் அப்' என்பதில் அழுத்தம் 'அப்' மேல் விழுகிறது, 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' காதிலேயே விழுவதில்லை. பொதுவாக அட்வெர்ப் குரலை உயர்த்தும், பிரிப்பொசிஷன் முணுமுணுக்கும். மௌனமாகப் படிப்பவர்களுக்கு இது உதவாது, தெரியும்.

அர்த்தத்துக்குத் தமிழே கை கொடுத்தது. 'சாப்பிடு' வேறு, 'சாப்பிட்டுவிடு' வேறு. அந்த 'விடு' எதையும் கையிலிருந்து விடவில்லை, வேலையை முடி என்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இவற்றில் வரும் 'அப்' அதே வேலையைச் செய்கிறது, மேலே எதுவும் போகவில்லை. 'பேசிக்கொண்டே போனான்' என்கிறோம், நடந்தா போனான்? 'கேரி ஆன்', 'கீப் ஆன்' என்பதில் 'ஆன்' அப்படி. 'எழுதி வை' என்றால் 'ரைட் இட் டவுன்'. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், அவர்கள் திசை காட்டும் ஒரு சொல்லை ஒட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. வீடு எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்'. படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் நிரப்புவது ஒன்றுதான்.

மூன்று சொல் கூட்டணிகளைத் தனியாகப் பாருங்கள், நான்காம் பகுதியில் இவை கட்டாயம் தலைகாட்டும் என்று நினைத்தே போங்கள். 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆவ்', 'கட் டவுன் ஆன்', 'கம் அப் வித்', 'கெட் அவே வித்', 'லுக் ஃபார்வர்ட் டு'. வரிசை மாறவே மாறாது: வினை, அட்வெர்ப், பிரிப்பொசிஷன். கடைசி ஆள் பிரிப்பொசிஷன் என்பதால் 'இட்' அதற்கும் பின்னால்தான். இதே காரணத்தால்தான் 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்குப் பிறகு 'மீட்' வராமல் 'மீட்டிங்' வருகிறது. அந்த 'டு', 'டு கோ'வில் வரும் 'டு' இல்லை. அதற்குப் பெயர்ச்சொல் வேண்டும், வினையைப் பெயராக்க 'இங்' வேண்டும். 'பி யூஸ்ட் டு'வுக்கும் இதே கதை.

மிச்சத்தைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன்:

- இரண்டாம் பகுதியில் கோடிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிரிப்பொசிஷன் இருந்தால் மிரளாதீர்கள். 'லுக்ட் ஆஃப்டர் பை ஹர் ஆன்ட்', 'ஃப்ரம் அண்டர் த டேபிள்' எல்லாம் சரியான ஆங்கிலம்.
- வாக்கியம் முடிகிற இடத்தில் கோடு இருந்தால் முதலில் பிரிப்பொசிஷனைச் சந்தேகியுங்கள். 'சம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு', 'சம்ஒன் டு டாக் டு'.
- 'அப் டு நௌ', 'ஃப்ரம் நௌ ஆன்' போன்றவற்றை அலசாமல் மொத்தமாக மனதில் போடுங்கள்.
- நான்காம் பகுதியில் விடை இரண்டு முதல் ஐந்து சொற்கள், கொடுத்த சொல்லையும் சேர்த்து. 'டிடின்ட்' இரண்டு சொல், 'கான்ட்' ஒரே சொல். 'கான்ட் புட் அப் வித்' நான்குதான், பயப்படாமல் எழுதலாம்.
- பாதி தெரிந்தாலும் எழுதுங்கள். அங்கே ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண், பாதி சரியானால் ஒன்று கிடைக்கும்.
- முதல் பகுதியில் நேரம் ஓட்டாதீர்கள். இதே தாளில் வரும் வாசிப்பையும் சேர்த்து மொத்தம் 75 நிமிடம்தான், பின்னால் நீளமான பத்திகள் காத்திருக்கின்றன.

பழைய தடி நோட்டை என்னோடு படித்த ஒருவர் கேட்டார். அடுத்த முறை அவர் எழுதப்போகிறார். அப்படியே கொடுக்க மனம் வரவில்லை, சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியிலும் 'இட்' வரும் இடத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு 'கெட்' வரை வந்தேன். 'கெட்'டுக்கு மட்டும் நான்கு பக்கம்.