32 பிட் பிளகினும் என் 64 பிட் பிடிவாதமும்

2008-ஆம் ஆண்டின் நடுவில் கணினியின் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினேன். அந்தச் சூட்டோடு, பழைய 32 பிட் வகையை விட்டு, அதிக நினைவகத்தைக் கையாளும் 64 பிட் லினக்ஸையும் நிறுவினேன். முதல் நாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரை, ஒலி, இணைய இணைப்பு எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. மறுநாள் ஒரு வீடியோவைத் திறந்தேன். படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று இருந்தது. பிளகின் (உலாவிக்குக் கூடுதல் திறன் தரும் இணைப்பு மென்பொருள்) இல்லை, நிறுவச் சொடுக்கவும் என்றது. சொடுக்கினால் பயர்பாக்ஸ் உலாவி சற்று நேரம் தேடிவிட்டு, பொருத்தமானது எதுவும் கிடைக்கவில்லை என்று கையை விரித்தது.

அன்றைக்கு வலையில் வீடியோ என்றால் அடோபியின் ஃப்ளாஷ் பிளகின்தான். லினக்ஸுக்கான ஃப்ளாஷ் 32 பிட்டில் மட்டுமே கிடைத்தது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் '64 பிட் செயலி (பிராசஸர்) 32 பிட் நிரலையும் ஓட்டுமே, அப்புறம் என்ன' என்று ஒரு அரைகுறை தைரியம். பொட்டலத்தை இறக்கி, அதிலிருந்த லிப்ஃப்ளாஷ்பிளேயர் கோப்பை உலாவியின் பிளகின் அடைவில் போட்டேன். அசையவில்லை. இன்னொரு அடைவில் போட்டேன். அதுவும் இல்லை. கோப்பு அனுமதிகளை மாற்றினேன், உலாவியை நீக்கி மறுபடி நிறுவினேன். மூன்று மாலைகள் இப்படியே போயின.

நான்காம் நாள் செய்ததை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மெனுவை விட்டுவிட்டு டெர்மினலில் பெயரைத் தட்டி உலாவியைத் திறந்தேன். உலாவி இத்தனை நாளும் வாய் மூடி வைத்திருந்த விஷயம் அங்கே ஒரே வரியில் கிடந்தது: 'ராங் எல்ஃப் கிளாஸ்: எல்ஃப்கிளாஸ்32'. 64 பிட் வேண்டிய இடத்தில் 32 பிட் கோப்பு என்று பொருள்.

செயலி இரண்டு வகை நிரலையும் ஓட்டும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் அதற்கு இடம் கொடுக்கும். அதுவரை நான் நினைத்தது சரிதான். ஆனால் பிளகின் தனி நிரல் அல்ல. அது உலாவியின் புராசஸுக்குள்ளேயே (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே) ஏற்றப்படும் ஒரு லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் குறியீட்டுத் தொகுப்பு. ஒரே புராசஸுக்குள் 64 பிட் குறியீடும் 32 பிட் லைப்ரரியும் சேர்ந்து குடியிருக்க முடியாது. ஒரே உறையில் இரண்டு கத்தி. எந்த அடைவில் போட்டாலும் பதில் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

'32 பிட் பயர்பாக்ஸையே போட்டுக்கொள்ளேன்' என்றான் நண்பன். போட்டேன், வீடியோவும் ஓடியது. ஆனால் அந்த உலாவியில் தமிழில் தட்டச்சு செய்ய வரவில்லை. காரணம் அதேதான்: தமிழ் உள்ளீட்டுக்கு வைத்திருந்த ஸ்கிம் மென்பொருளின் ஜிடிகே கூறு (அதை உலாவி போன்ற நிரல்களோடு இணைக்கும் பகுதி) 64 பிட், அதை 32 பிட் உலாவி ஏற்காது. வீடியோ பார்க்க ஒரு உலாவி, கடிதம் எழுத ஒரு உலாவி என்று குடும்பம் நடத்த எனக்கு மனமில்லை.

மிஞ்சியது என்எஸ்பிளகின்ராப்பர். குவெனோல் போஷேன் எழுதியது. கருத்து எளிமையானது, அழகானதும்கூட. உலாவிக்குள் ஏறுவது ஒரு 64 பிட் உறை மட்டும். அது வெளியே என்பிவியூவர் என்ற 32 பிட் நிரலைத் தனி புராசஸாகக் கிளப்பும். உண்மையான ஃப்ளாஷ் அதற்குள் ஏறும். இரண்டும் சாக்கெட் என்ற தொடர்பு வழியே பேசிக்கொள்ளும். உலாவியைப் பொறுத்தவரை எதிரே இருப்பது ஒரு சாதாரண 64 பிட் பிளகின்.

மென்பொருள்களை நிறுவித்தரும் தொகுப்பு மேலாளர் வழியாகப் போயிருந்தால் தேவையானவற்றை அதுவே இழுத்து வந்திருக்கும். நான் கையால் நிறுவினேன், வினையைத் தேடிக்கொண்டேன். ஃப்ளாஷ் கோப்பை அதனிடம் கொடுத்ததும், 'இது முறையான பிளகின் அல்ல' என்றது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று மறுபடி இறக்கினேன். அதே பதில். சரி என்று என்பிவியூவரை நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.' கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! ஒரு நிரலுக்கு எந்த லைப்ரரிகள் தேவை என்று காட்டும் எல்டிடி கட்டளையைக் கேட்டால், அது இயங்குநிலை நிரலே அல்ல என்று சாதித்தது.

இந்த இடத்தில்தான் பலரும் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போவார்கள். நானும் போனேன்.

காணாமல் போனது நிரல் அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய லோடர். ஒவ்வொரு நிரலும் தனக்கு எந்த லோடர் வேண்டும் என்று தன் தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கும். 32 பிட் நிரல்கள் கேட்பது எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2. என் கணினியில் 64 பிட்டுக்கான லோடர் மட்டுமே இருந்தது. கெர்னல் லோடரைத் தேடி, கிடைக்காமல் 'கோப்பு இல்லை' என்கிறது. எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்வதில்லை. 32 பிட் நிரல்களுக்கு வேண்டியவற்றைத் தரும் ஐஏ32-லிப்ஸ் தொகுப்பை நிறுவினேன். எல்டிடி உடனே பேச்சை மாற்றி, தேவையான லைப்ரரிகளை வரிசையாக அடுக்கியது. 'கிடைக்கவில்லை' என்று நின்ற ஒன்றிரண்டையும் சேர்த்தேன். ராப்பர் மறுபேச்சில்லாமல் உறையைத் தயாரித்தது.

ஆனாலும் உலாவியின் பிளகின் பட்டியலைக் காட்டும் அபவுட்:பிளகின்ஸ் பக்கத்தில் ஃப்ளாஷைக் காணோம். பயர்பாக்ஸ் பிளகின் பட்டியலை பிளகின்ரெக்.டாட் என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுத் திறந்தேன். படம் ஓடியது. ஊமைப்படம்!

ஒலி வராததற்குக் காரணம் தேட இந்த முறை அரை மணிதான். டெர்மினல் சொல்லிவிட்டது: லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவிலிருந்து ஒலிகளைப் பகிர்ந்தளிக்கும் பல்ஸ்ஆடியோவுக்குப் போகும் கூறு 64 பிட்டில் மட்டும் இருந்தது. அதற்கும் 32 பிட் ஜோடி ஒன்றைப் போட்டதும் சத்தம் வந்தது.

மற்ற வீடியோ வகைகளில் பெரிய கதை இல்லை. எம்பிளேயர் என்ற வீடியோ இயக்கிக்கு விண்டோஸிலிருந்து கடன் வாங்கும் 32 பிட் கோடெக்குகளை (வீடியோவைக் குறிவிலக்கும் நிரல்களை) 64 பிட் எம்பிளேயர் தொடவே தொடாது. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த குறிவிலக்கித் தொகுப்பு சொந்தமாகவே பெரும்பாலானவற்றைக் கையாண்டது. ரியல்வீடியோ சில மட்டும் அடம்பிடித்தன, விட்டுவிட்டேன். இன்னொரு வீடியோ இயக்கியான டோட்டத்தின் பிளகினும் எம்பிளேயர் பிளகினும் ஒரே கோப்பு வகைகளுக்குச் சொந்தம் கொண்டாடின. ஒன்றை நீக்கியதும் சண்டை தீர்ந்தது.

ராப்பரால் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் கிடைத்தது. ஃப்ளாஷ் நிலைகுலைந்தால் என்பிவியூவர் மட்டும் சாகும், உலாவி பிழைத்துக்கொள்ளும். பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். இந்த வசதி பயர்பாக்ஸிலேயே வந்தது 2010-ல், 3.6.4 பதிப்பில்தான்.

2008 நவம்பரில் 64 பிட் ஃப்ளாஷின் ஆல்ஃபா (சோதனை) பதிப்பு வெளியானது. ஓடிப்போய்ப் போட்டேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பழைய உறையை அடைவிலிருந்து எடுக்க மறந்திருக்கிறேன், உலாவி அதையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாள் 'ஆகா, எவ்வளவு வேகம்' என்று மெச்சியது பழைய 32 பிட்டைத்தான்.

2010 இறுதியில், புதிய ஜிலிப்சி (நிரல்கள் அனைத்தும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) உள்ள லினக்ஸுக்கு மாறியதும் 64 பிட் ஃப்ளாஷின் ஒலி கரகரத்தது. நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறு, சில செயலிகளில் நகலெடுக்கும் திசையை மாற்றியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு மெம்மூவ்தான் முறை. ஃப்ளாஷ் அங்கேயும் மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. விதிப்படி தவறு ஃப்ளாஷில்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கலாமா என்று லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே விவாதத்தில் இறங்கினார். நான் மெம்காப்பி அழைப்பை மெம்மூவுக்குத் திருப்பும் பத்து வரி சி நிரலை ஒரு நிரல் தொடங்கும் முன்பே வேறொரு லைப்ரரியை ஏற்றிவிடும் எல்டி-பிரிலோட் வழியாக மாட்டிச் சமாளித்தேன்.

2011 அக்டோபரில் ஃப்ளாஷ் 11 வந்தது, 64 பிட் முறைப்படி கிடைத்தது. இனி எதற்கு என்று 32 பிட் லைப்ரரிகளை மொத்தமாக நீக்கப் போனேன். கூடவே நீக்கப்படும் என்று வந்த பட்டியலில் என் பிரிண்டரின் டிரைவரும் இருந்தது. வேண்டாம் என்று தட்டிவிட்டு வெளியே வந்தேன்.