கன்வல்யூஷனில் ஏன் திருப்புகிறோம்?

பொறியியல் இரண்டாம் ஆண்டில் சிக்னல்ஸ் அண்டு சிஸ்டம்ஸ் தாளை எழுதியபோது ஓர் அமைப்புக்குக் கொடுக்கும் உள்ளீட்டிலிருந்து அதன் வெளியீட்டைக் கணக்கிடும் கன்வல்யூஷன் கணக்குகளை நான் பிழையின்றிப் போடுவேன். ஒரு குறிகையை (சிக்னலை) இடவலமாகத் திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு என்ற நான்கு கட்டளைகளும் மனப்பாடமாகியிருந்தன. ஏன் திருப்ப வேண்டும் என்பது மட்டும் தெரியாது. கேட்டபோதும் வரையறையே அப்படித்தான் என்ற விடையே கிடைத்தது.

அண்மையில் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கியபோது, வரையறையில் வரும் தொகையீட்டை (இன்டெக்ரலை) ஒதுக்கிவிட்டு வெறும் எண்களை எடுத்துக்கொண்டேன். ஓர் அமைப்புக்கு 1 என்ற உள்ளீட்டை ஒரே ஒரு கணம் கொடுத்தால், ஒருமுறை அடித்த மணியின் ரீங்காரம் தேய்வதைப் போல அதன் வெளியீடு 1, 0.5, 0.25 என்று தணிந்து ஓய்ந்துவிடுவதாகக் கொள்வோம். இதுவே அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இப்போது 4, 8, 12 என்று மூன்று உள்ளீடுகளை அடுத்தடுத்த கணங்களில் கொடுத்தால், மூன்றாம் கணத்தில் என்ன கிடைக்கும்? இப்போதுதான் வந்த 12 முழுதாக ஒலிக்கிறது. ஒரு கணம் பழையதான 8 பாதியாகத் தேய்ந்து 4 ஆகிறது. இரண்டு கணம் பழையதான முதல் 4, கால் பங்காகி 1 ஆகிறது. கூட்டினால் 17. உள்ளீட்டில் முதலில் வந்த எண், ரெஸ்பான்ஸின் கடைசி எண்ணோடு சேர்கிறது. திருப்புதல் என்பது இவ்வளவுதான். யாரும் எதையும் திருப்பவில்லை, பழையது அதிகம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே.

இப்படித் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதற்கு அமைப்பு நேரியலாக இருக்க வேண்டும், அதாவது உள்ளீடுகளைக் கூட்டிக் கொடுத்தால் வெளியீடுகளும் அப்படியே கூட வேண்டும், உள்ளீடு இருமடங்கானால் வெளியீடும் இருமடங்காக வேண்டும். எந்தக் கணத்தில் தட்டினாலும் ஒரே வகையில் ஒலிக்கவும் வேண்டும். 12 வோல்ட்டுக்கு மேல் தர இயலாத பெருக்கியிடம் 17 வோல்ட்டை எதிர்பார்த்தால் அலையின் தலை வெட்டுப்படும், கணக்கும் பொய்த்துவிடும்.

பள்ளியில் கற்ற பெருக்கலும் கன்வல்யூஷன்தான் என்பது இடையில் கிடைத்த வியப்பு. 12ஐ 13ஆல் பெருக்கும்போது பத்தாம் இடத்தில் 1×3, 2×1 ஆகிய இரண்டும் சேர்ந்து 5 ஆகின்றன, விடை 156.

சைன் அலையைக் கொடுத்தால் இத்தகைய அமைப்பு அதன் வீச்சையும் கட்டத்தையும் (அலை முன்பின் நகர்ந்திருக்கும் அளவையும்) மாற்றுமே தவிர அதிர்வெண்ணைத் தொடாது. அதனால்தான் வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ஃபூரியே 1807இல் முன்வைத்த, கணிதவியலாளர் லக்ராஞ்ச் ஏற்க மறுத்த, குறிகையைச் சைன் அலைகளின் கூட்டாக எழுதும் அந்தத் தொடர் மின்பொறியாளருக்கு இத்தனை பயன்படுகிறது: அலைகளாகப் பிரித்தபின் கன்வல்யூஷன் வெறும் பெருக்கலாகிவிடுகிறது.

சரிபார்க்க 1 கிலோஓம் மின்தடையையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் பிரெட்போர்டில் இணைத்தேன். கணக்குப்படி 159 ஹெர்ட்ஸில் வெளியீடு 0.707 மடங்காகக் குறைந்து 45 பாகை பின்தங்க வேண்டும். அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அது நிகழ்ந்தது 148 ஹெர்ட்ஸில். மின்தேக்கியின் 10 சதவீத டாலரன்ஸுக்குள், அதாவது குறித்த மதிப்பிலிருந்து அனுமதிக்கப்படும் விலகலுக்குள், அது அடங்கிவிடுகிறது.