பெயோட்டேயைச் சும்மா விடுங்கள்

கள்ளி வளர்க்கிறேன் என்று சொன்னாலே, "போதை தருமே, அந்தக் கள்ளி இருக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள். என்னிடம் இருக்கும் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் என்ற கள்ளியைப் பார்த்து "இதுதானே அது?" என்றவர்களும் உண்டு. இது அதில்லை, அவர்கள் கேட்பது பெயோட்டே என்ற கள்ளியை. ஆனால் அவர்கள் குழம்பியதில் தப்பில்லை. இரண்டுமே முள் இல்லாமல், தரையோடு தரையாகத் தட்டையாக வளர்பவை. தெற்கு டெக்சாஸில் பெயோட்டே வெட்டுகிறவர்களே இதையும் அதுவென்று எண்ணி வெட்டிவிடுவது உண்டு. ஆஸ்டீரியாஸோ அழியும் நிலையில் இருக்கும் செடி.

பெயோட்டேயில் இருக்கும் சரக்கு மெஸ்கலின். ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மானியர், அந்தக் கள்ளியிலிருந்து பிரித்த ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்களைத் தன் உடம்பிலேயே சோதித்து, காட்சிகளைத் தருவது மெஸ்கலின்தான் என்று 1897-ல் உறுதிசெய்தார். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான்.

எல்லோரும் காட்சிகளைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன்னால் வருவது குமட்டல். கள்ளி அவ்வளவு கசப்பு, பலருக்கு வாந்தியே வந்துவிடும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கண்மணி விரியும். அப்புறம்தான் நிறங்கள் பளிச்சென்று தெரியும், கண்ணை மூடினால் கோலம் கோலமாக வடிவங்கள் ஓடும், நேரம் போவதே பிடிபடாது. மூளையில் செரட்டோனின் ஏற்பிகளை மெஸ்கலின் தூண்டுவதால் வருவது இது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கும், நடுவில் வேண்டாம் என்றால் இறங்க வழியில்லை. இதய நோய் உள்ளவர்களுக்கும், மனச்சிதைவு வந்தவர்களுக்கும் இது பெரிய ஆபத்து.

என் கவலை செடியைப் பற்றியது. காட்டில் ஒரு பெயோட்டே விதையிலிருந்து முளைத்துப் பெரிதாகப் பத்து வருடம்கூட ஆகும். தரைமட்டத்தில் தலையை மட்டும் சீவினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆழமாக வெட்டினாலோ வேரோடு பிடுங்கினாலோ அத்தோடு சரி. போதாததற்கு, மேய்ச்சலுக்காகப் புதர்க்காட்டையே வேரோடு உழுதுவிடுகிறார்கள்.

அந்தச் செடியை நம்பி ஒரு வழிபாடே இருக்கிறது. 1918-ல் ஒக்லஹோமாவில் பதிவான, அமெரிக்கப் பழங்குடியினரின் நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்சின் மக்கள் அதை மருந்து என்றே சொல்கிறார்கள். இரவெல்லாம் பாட்டும் பிரார்த்தனையுமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பழங்குடியினர் சடங்குக்காக அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா முழுவதும் பாதுகாக்கும் சட்டம் 1994-ல்தான் வந்தது. மெக்சிகோவின் விஷாரிகா மக்கள் இன்றும் விரிகூட்டா பாலைவனத்துக்கு இதற்காக யாத்திரை போகிறார்கள்.

மெஸ்கலினை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கலாம் என்று எர்ன்ஸ்ட் ஷ்பேத் என்ற வேதியியலாளர் 1919-லேயே காட்டிவிட்டார். ஆகவே ஆராய்ச்சிக்கு அந்தக் கள்ளி தேவையே இல்லை. அனுபவம் தேடி வரும் வெளியாட்கள் அதில் கை வைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை, எவ்வளவு பக்தியோடு வந்தாலும். பத்து வருடம் வளர்ந்த செடி, அதை நம்பியிருப்பவர்களுக்கே போதவில்லை.

ஒரே ஆறுதல், பழங்குடியினர் நடத்தும் பெயோட்டே பாதுகாப்பு அமைப்பு ஒன்று தெற்கு டெக்சாஸில் 605 ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறது. அங்கே நாற்றங்காலும் போட்டிருக்கிறார்கள். இப்போது நட்டால் அடுத்த தலைமுறைக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்தேதான் நடுகிறார்கள்.