உறையைத் தள்ளுவதா?

இருக்கும் எல்லையைத் தாண்டி முயல்வதைச் சொல்லும் 'புஷ் தி என்வலப்' என்ற ஆங்கிலத் தொடரில் இருப்பது கடித உறை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது விமானிகளின் பேச்சு. ஒரு விமானம் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரத்தில் பத்திரமாகப் பறக்கும் என்று வரைபடத்தில் கோடிட்டால் கிடைக்கும் எல்லைதான் அந்த 'என்வலப்'. சோதனை விமானிகள் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளினார்கள். 1947 அக்டோபர் 14 அன்று கலிஃபோர்னியப் பாலைவனத்தின் மேல் அமெரிக்கச் சோதனை விமானி சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியதும் அப்படித்தான். உயிரைப் பணயம் வைத்தவர்களின் சொல்! அதை விளம்பரங்களில் கண்டபடி இறைப்பதை என் மனம் பொறுப்பதில்லை.

இறந்துபோனதை வேடிக்கையாகச் சொல்லும் 'புஷிங் அப் டெய்சீஸ்' என்பதும் எனக்குப் பிடிக்கும். புதைக்கப்பட்டவர் மண்ணுக்கடியிலிருந்து டெய்சிப் பூக்களை மேலே தள்ளுகிறாராம். இங்கிலாந்தின் கல்லறைப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் சின்ன வெள்ளைப் பூ அது.